பலாமரத்தில் கட்டிய சிவப்புத் துணி

ஒரு பலாமரம். அதன் இந்தப் பக்கம் கணவர், அந்தப் பக்கம் மனைவி. இருவர் கையிலும் ஒரே சிவப்புத் துணியின் இரண்டு முனைகள். இருவரும் விடுவதாக இல்லை.

“கெட்டினது கெட்டினபடி கெடக்கட்டும்!” என்கிறார் மனைவி.

“ஒனக்க தள்ளைக்க வீடு அங்கோட்டு கெடக்குன்னு எனக்க பிலாவையும் அங்கோட்டு தள்ளுவியா?” என்கிறார் கணவர். எங்கள் பக்கத்தில் தள்ளை என்றால் தாய், பிலா என்றால் பலா.

அந்தத் துணி என்னுடையது. என் பழைய தாவணியில் கிழித்தது. அன்று காலையில் அதை அந்த மரத்தில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியவளும் நான்தான். வழி தவறி, முள் கீறி, நானும் என் தோழி சரசம்மாளும் புதருக்குள்ளிருந்து வெளியே வந்தபோது கண்ட காட்சி இது.

ஒரு முழத் துணிக்கு எதற்கு இந்தச் சண்டை என்று சொல்ல வேண்டுமானால் நான் ஒரு வாரம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரில் நான் இதுவரை எந்த வாரமும் நேர்வழியில் போனதில்லை என்று என் வீட்டுக்காரரே கேலி செய்கிறார். அவருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: நேர்வழியில் போயிருந்தால் அன்று எனக்குக் கிடைத்தது கிடைத்திருக்காது.

ஜன்னலுக்கு வெளியே

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம். பாறசாலையிலிருந்து சற்றுக் கிழக்கே ஒரு பள்ளிக்கூடத்தில், தமிழ்ப் பிரிவில், நான் தற்காலிக ஆசிரியை. பள்ளிக்கூடம் ஒன்று, பிரிவுகள் இரண்டு. தமிழ் ஒரு வராந்தா, மலையாளம் ஒரு வராந்தா.

எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் ஊர்வலம் போகும். சேரக்கூடாது என்று மறுநாள் இன்னொரு கூட்டம் அதே சாலையில் போகும். ஜங்ஷனில் போலீஸ் வண்டி நிற்காத நாள் குறைவு. ஆசிரியர்களுக்கு இருந்தது ஒரே ஒரு மேஜை. அதன் நடுவில் யாரோ ஒருவர் உலக வரைபடச் சுருளைக் குறுக்கே வைத்துவிட்டார். அதற்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஒரு மாதமாக அந்தச் சுருளை யாரும் எடுக்கவில்லை. பூகோளப் பாடம்கூட நடக்கவில்லை.

இந்த நிலையில் ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். அன்று நான் வசந்த காலம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம். பனி உருகுகிறது, புல் தலை காட்டுகிறது, டாஃபடில் பூக்கள் மஞ்சள் மஞ்சளாய் ஆடுகின்றன என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பங்குனி வெயிலில் பிள்ளைகள் வியர்த்து வழிந்துகொண்டே பனி உருகுவதைக் கேட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

“டீச்சர், அதோ ஒரு மலை தெரிகிறதே. அதில் இப்போது என்ன பூத்திருக்கிறது?”

நானும் எட்டிப் பார்த்தேன். மலை தெரிந்தது, பூ தெரியவில்லை.

“என்ன பறவை கத்துகிறது?”

காக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

“திங்கட்கிழமை திரும்பி வருவேன்” என்றார். “பதில் இருந்தால் உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுகிறேன். இல்லையென்றால் இந்த வகுப்புக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்வேன்.”

பிள்ளைகள் முன்னால் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறந்தது முதல் தினமும் காலையில் கண் விழித்துப் பார்க்கிற மலை அது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாது.

எங்கள் தெருவில் வேலைக்குப் போன முதல் பெண் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. வேலை போனால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். நாகர்கோவிலில் ஒரு முறைமாப்பிள்ளை தயாராக இருந்தார். அவருக்கு நான் வேலைக்குப் போவதே பிடிக்காது. அப்பா அடுத்த முகூர்த்தத்துக்குத் தேதி பார்த்துவிடுவார்.

சரசம்மாள்

சரசம்மாள் மலையாளப் பிரிவில் ஆசிரியை. என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. சின்ன வயது முதல் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். வரைபடச் சுருள் வந்த பிறகு மேஜையில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கிணற்றடியில் பேசுவோம்.

“எடீ ஞானம், எந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?” என்று கேட்டாள் அன்று மாலை.

சொன்னேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ன வெட்கம்.

“இதுக்காக்கும் கரைச்சலு? சனியாழ்ச்ச நாம மலைக்குப் போவோம். காணுறது எல்லாம் எழுதுவோம். ஒனக்கு வேலை போனா ஒனக்க பிள்ளைகளையும் சேத்து நான் மேய்க்கணும். என்னால ஆவாது.”

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் குன்னத்துகால் போய் இறங்கினோம். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு பென்சில், ஒரு குடை, வாழையிலையில் கட்டிய அவித்த மரச்சீனிக் கிழங்கு, பிறகு அந்தத் தாவணி. தாவணியைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டே போய், பூத்த மரங்களிலும் பாதை பிரிகிற இடங்களிலும் கட்டுவது என்பது என் யோசனை. திரும்பும்போது வழி தெரியும், பிறகு பிள்ளைகளைக் கூட்டிவந்தால் மரங்களைக் காட்டலாம். இதைவிடச் சிறந்த யோசனை அதுவரை எனக்குத் தோன்றியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி மலை

இரண்டு நாள் முன்பு ஒரு கோடைமழை பெய்திருந்தது. மண் இன்னும் வாசம் விட்டுக்கொண்டிருந்தது. ஏறத் தொடங்கியதுமே முள்முருக்கு. இலை ஒன்றுகூட இல்லை, கிளை முழுக்கச் சிவப்பு. மைனாக்கள் தலையை உள்ளே விட்டுத் தேன் குடித்து, நெற்றியில் மகரந்தத்தோடு வெளியே வந்தன. முதல் துணியை அங்கே கட்டினேன். பூவின் சிவப்புக்கு முன்னால் என் தாவணி வெளிறிப்போய்த் தெரிந்தது.

அதற்கு மேலே பாறை இடுக்கில் தெற்றி, வெட்சி என்பார்களே அதுதான். அதன் பழத்தைப் பறித்துத் தின்றோம், நாக்கு கறுத்தது. ஒரு கொன்றை அவசரப்பட்டு முன்னாலேயே பூத்திருந்தது. “விஷுவுக்கு இன்னும் நாள் கெடக்கே, ஒனக்கு என்ன அவசரம்?” என்று சரசம்மாள் மரத்திடம் கேட்டாள். செம்போத்து ஒன்று புதருக்குள் ஊப் ஊப் என்று கூப்பிட்டுக்கொண்டே எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது.

பாதை பிரிகிற இடத்தில் பெரிய பலா. பக்கத்தில் ஓலை வீடு ஒன்று. கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள், ஆனால் குரல் கொடுத்தும் வெளியே வரவில்லை. மரத்தின் மேலே எதுவோ அசைந்தது. அண்ணாந்து பார்த்தோம். ஒரு மலையண்ணான். அரக்கு நிறத்தில் முதுகு. கிளைக்குக் கீழே ஒரு முழத்துக்கு வால் தொங்கியது. பிஞ்சுச் சக்கையை, எங்கள் பக்கம் பலாவுக்குச் சக்கை என்றுதான் பெயர், கடித்து எங்கள் தலைமேல் துப்பியது. பக்கத்துக் கிளையில் அதன் ஜோடி.

“எழுது, எழுது!” என்று சரசம்மாள் என் முதுகில் அடித்தாள். எழுதினேன். மரத்தில் துணியைக் கட்டினேன். சாத்திய கதவின் பின்னாலிருந்து இரண்டு ஜோடிக் கண்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் பைனாகுலரோடு கூட்டமாக மலைக்குப் போகிறார்கள். நல்ல விஷயம். பெட்ரோல் பங்கில் ஒரு பையன் என்னிடம், “நீங்கல்லாம் இதெல்லாம் பாத்திருப்பீங்களா பாட்டி?” என்று கேட்டான். நாங்கள் செருப்பில்லாமல் பார்த்தோம், தம்பி. பட்டியல் போட்டே பார்த்தோம்.

உச்சிப் பாறையில் உட்கார்ந்து மரச்சீனி தின்றோம். மேற்கே எங்கள் பள்ளிக்கூடத்தின் ஓடு, மூக்குப்பொடி அளவுக்குத் தெரிந்தது. எங்கிருந்தோ ஒரு குயில்வகைப் பறவை கத்தியது. அதை நீங்களும் கேட்டிருப்பீர்கள், நாலு சொல்லாகக் கத்தும். எங்கள் பக்கத்தில் ‘சக்கைக்கு உப்புண்டோ’ என்று கேட்பதாகச் சொல்வார்கள். நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. எனக்கு நிம்மதி. எழுந்து இறங்கத் தொடங்கினோம்.

துணி நடந்தது

முதல் இரண்டு துணிகள் சரியாக இருந்தன. மூன்றாவது, பலாவுக்கு மேலே பாதை பிரிந்த இடத்தில் கட்டியது, அங்கிருந்து விலகி ஒரு அயனி மரத்தில் இருந்தது.

“இஞ்சயா கெட்டினோம்?” என்றாள் சரசம்மாள்.

“கட்டியிருப்போம்” என்றேன் நான். தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

அடுத்த துணி இடது பக்கம் வெகு தூரத்தில் தெரிந்தது. போனோம். அதற்கடுத்தது வலது பக்கம், ஒரு பள்ளத்துக்கு அப்பால். அதற்கும் போனோம். பாதை என்று ஒன்று காலுக்குக் கீழே இல்லாமலே போய்விட்டது. தொட்டாவாடி, அதாவது தொட்டாற்சிணுங்கி, முள் காலைக் கிழித்தது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஆறு மணி பஸ்ஸை விட்டால் நடந்துதான் வீடு போக வேண்டும். ஊரே கொதித்துக் கிடக்கிற நேரத்தில் இரண்டு பெண்கள் இருட்டில் சாலையில் நடந்தால் நாளை என்ன பேச்சு வரும் என்று இருவருக்கும் தெரியும். நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளத்தில் இறங்கியதும் நின்றுவிட்டோம்.

தரை நீலமாக இருந்தது. காயா மரங்கள். கிளையோடு கிளையாக ஒட்டிப் பூத்து, உதிர்ந்து, மண்ணே தெரியவில்லை. தேனீக்கள் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அவ்வளவு நீலத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மிதிக்க மனசு வராமல் கல் கல்லாகத் தாண்டிப் போனோம்.

அந்த மரங்களுக்கு அப்பால் ஒரு சின்னக் கமுகந்தோட்டம். ஒரு கமுகில் பட்டை கொஞ்சம் அசைந்தது. பட்டை இல்லை, ஓணான். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. கழுத்தடியில் மஞ்சளாக ஒரு தோலை நீட்டி நீட்டி மடக்கியது. பார்த்துக்கொண்டே இருந்தோம். திடீரென்று கமுகை விட்டுக் குதித்தது. விலாவில் இரண்டு பக்கமும் தோல் விரிந்தது. காற்றில் சறுக்கி எங்கள் தலைக்கு மேலாகவே போய், அடுத்த கமுகில் ஒட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல மேலே ஏறியது.

சரசம்மாள் என் கையைப் பிடித்தாள். பிடித்த இடம் மறுநாள்வரை வலித்தது.

“ஓந்து பறந்நு” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நீயும் கண்டியா? கண்டேன்னு சொல்லு.”

“கண்டேன்.”

வழி தவறியதெல்லாம் மறந்துபோயிற்று. நின்ற இடத்திலேயே எழுதினேன். அப்போதுதான் மேட்டின் மேலிருந்து அந்தச் சண்டைச் சத்தம் கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினோம்.

எந்தப் பக்கம் எழுதினியோ?

எங்களைக் கண்டதும் இருவரும் துணியை விட்டுவிட்டார்கள். கணவர் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் பெயர் செல்லன். மனைவி தங்கம்மை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் இவர்கள்தான்.

“சாரே, ஒரு தெற்று பற்றிப்போச்சு, தப்பு நடந்துபோச்சு” என்றார் செல்லன் அண்ணன். “எனக்க வீட்டையும் பிலாவையும் ஒண்ணா ஒரே பக்கம் எழுதணும். பிலாவைப் பிரிச்சிரப்பிடாது.”

“என்ன எழுதணும்?”

“அதிரு. நீங்க எல்லை கெட்ட வந்தவியல்லா?”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. வீடு வீடாக ஆள் வருவார்கள், நோட்டில் எழுதுவார்கள், கோடு போடுவார்கள் என்று மலை முழுக்க ஒரு பேச்சு இருந்திருக்கிறது. நாங்கள் நோட்டும் குடையுமாக வந்தோம். மரத்தை அண்ணாந்து பார்த்தோம். எழுதினோம். சிவப்புத் துணி கட்டினோம். வேறு என்ன நினைப்பார்கள்?

நாங்கள் மேலே போனதும் செல்லன் அண்ணன் வெளியே வந்து, தன் அண்ணன் தம்பிகள் இருக்கும் விளவங்கோட்டுப் பக்கம், அதாவது தமிழ்நாட்டுப் பக்கம், தன் வீடு சேருகிற மாதிரி துணிகளை அவிழ்த்து மாற்றிக் கட்டியிருக்கிறார். அவர் ஆட்டைத் தேடிப் போன நேரம் பார்த்துத் தங்கம்மை அக்கா வந்து, தன் தாய்வீடு இருக்கும் குன்னத்துகால் பக்கம், கேரளப் பக்கம், சேருகிற மாதிரி பாதித் துணிகளை மாற்றியிருக்கிறார். கடைசியில் இருவரும் பலாமரத்தில் சந்தித்துக்கொண்டார்கள்.

“அண்ணே, நாங்க எல்லைக்காரங்க இல்லை. பள்ளிக்கூட டீச்சர்கள். பூவும் கிளியும் எழுத வந்தோம்.”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி எங்களைப் பார்த்தார்.

“கிளிய எழுததுக்கா சர்க்காரு சம்பளம் தருது?” என்றார் தங்கம்மை அக்கா. “எங்கள மண்டியாக்காதீங்கோ மக்கா, ஏமாத்தாதீங்கோ. நோட்டை வாசியுங்கோ. கேப்போம்.”

வாசித்தேன். முள்முருக்கு, தெற்றி, கொன்றை, செம்போத்து, மலையண்ணான் ஒரு ஜோடி, காயா, பறக்கும் ஓணான். குற்றப்பத்திரிகை வாசிப்பதைக் கேட்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். முடித்ததும் செல்லன் அண்ணன் முகம் மாறியது. ஆனால் கோபம் அல்ல, குறை.

“முள்ளம்பன்னி எங்க?”

“பார்க்கலை அண்ணே.”

“பாக்கலேன்னா இல்லேன்னு ஆயிருமா? அந்தால பொத்துல கெடக்கு. எழுதுங்கோ.” உள்ளே போய் ஒரு முள்ளை எடுத்துவந்து நோட்டின் நடுவில் வைத்தார்.

“மரநாய எழுதலியே” என்றார் தங்கம்மை அக்கா. “ஒவ்வொரு ராத்திரியும் எனக்க கோழிக்கூட்டச் சுத்துது. அதையும் எழுதுங்கோ, அதுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?”

பத்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு துணிக்கு அடித்துக்கொண்டவர்கள் இப்போது போட்டி போட்டுச் சொன்னார்கள். செல்லன் அண்ணன் உடும்பு என்றால் தங்கம்மை அக்கா கீரி என்றார். அக்கா மரவாழைப்பூ என்றால் அண்ணன் அது பூக்கும் கிளையையே காட்டினார். சரசம்மாள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக எழுதினோம். இரண்டு பென்சிலும் தேய்ந்தன. கருப்பட்டிக் காப்பி வந்தது. பிறகு செல்லன் அண்ணன் முன்னால் ஓட, குறுக்கு வழியில் நாங்கள் பின்னால் ஓட, ஆறு மணி பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறினோம்.

திங்கட்கிழமை

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் எல்லாவற்றையும் எழுதி, படமும் வரைந்தோம். சரசம்மாள் படம் வரைந்தாள். நான் வரைந்தால் மலையண்ணான் பூனையாகிவிடும்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை, நானே தொடங்கினேன். ஜன்னலைத் திறந்து, மலையின் அடியிலிருந்து உச்சிவரை எங்கே என்ன பூத்திருக்கிறது, எது எங்கே கத்துகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். முள்ளம்பன்றி முள் கைமாறிக் கைமாறிப் பின்பெஞ்சுக்குப் போயிற்று.

பறக்கும் ஓணானில் அவர் கையை உயர்த்தினார்.

“டீச்சர், போன வாரம் பனி. இந்த வாரம் பறக்கிற ஓணானா?”

பிள்ளைகள் சிரித்தார்கள்.

“நான் பார்த்தேன் ஸார்.”

“வேறு யார் பார்த்தார்கள்?”

சரசம்மாள் என்று சொல்ல வாய் வந்தது. அவள் மறு வராந்தாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பிரிவுக்காரிக்குச் சாட்சி சொல்ல வந்தால் அவள் நிலைமை என்ன ஆகும் என்று நினைத்துத் தயங்கினேன். நான் தயங்கியிருக்கத் தேவையில்லை. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எல்லாரும் பார்க்க வராந்தாவைக் கடந்து வந்து வாசலில் நின்றாள்.

“ஞானும் கண்டு ஸார்” என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொரு தலை. செல்லன் அண்ணன். துவைத்த வேட்டி. கையில் சிவப்புத் துணிச் சுருள். கட்டிய துணி அத்தனையையும் அவிழ்த்துத் திருப்பித் தர, விடியற்காலையில் மலையிறங்கி வந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் கோட் போட்டிருப்பதைக் கண்டதும் இவர்தான் பெரிய எல்லை அதிகாரி என்று முடிவுசெய்துவிட்டார்.

“நீங்கள் மலைக்காரரா? ஓணான் பறக்குமா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“பறக்கும் ஆக்கும் ஏமானே” என்று கும்பிட்டார் செல்லன் அண்ணன். “ஆனா எனக்க வெளைய, தோட்டத்த விட்டு அங்கோட்டு போவாது. அதையும் எனக்க பிலாக்கூடத்தானே எழுதணும்.”

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சரசம்மாள் விளக்கினாள். அந்த மனிதர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, என் மேஜையிலேயே உட்கார்ந்து, என் பெயருக்கு நேரே எழுதினார். எழுதியதை என்னிடம் காட்டினார். ‘வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து பாடம் நடத்துகிறார்.’

அதற்குப் பிறகு எத்தனையோ பாராட்டு வாங்கினேன். மாலை, பொன்னாடை எல்லாம் வந்தன. அந்த ஒரு வரிக்குக் கிட்டே எதுவும் வரவில்லை. நாகர்கோவில் முறைமாப்பிள்ளை வேறு பெண் பார்த்துக்கொண்டார், நன்றாகவும் இருந்தார்.

அந்தத் தாள் தமிழ்ப் பிரிவுக்கா மலையாளப் பிரிவுக்கா என்று சண்டை வராமல் இருக்குமா? வந்தது. சண்டை போட வேண்டுமென்றால் பேச வேண்டுமே, அதனால் ஒரு மாதத்துக்குப் பிறகு எல்லாரும் பேசினார்கள். கடைசியில் மேஜை நடுவிலிருந்த உலக வரைபடத்தை எடுத்துவிட்டு, அது தொங்கவேண்டிய ஆணியில் எங்கள் மலையை மாட்டினார்கள்.

முதல் சக்கை

அன்று வாசல்வரை செல்லன் அண்ணனோடு நடந்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சாரே, நெசமாட்டு சொல்லுங்கோ. எனக்க பிலாவ எந்தப் பக்கம் எழுதினியோ?”

நோட்டைத் திறந்து காட்டினேன். ‘பலா. செல்லன் அண்ணன் வீட்டு முற்றம். மலையண்ணான் ஒரு ஜோடி.’ அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன்.

“எனக்க வீட்டு முற்றம்னா எழுதியிருக்கியோ?”

“ஆமா அண்ணே.”

“அப்போ மதி, அது போரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு உண்மையான கோடு வந்தது. அதை எங்கேயோ யாரோ உட்கார்ந்து போட்டார்கள். அழுதவர்களும் உண்டு, வெடி போட்டவர்களும் உண்டு. செல்லன் அண்ணனின் சகோதரர்கள் தமிழ்நாட்டில் ஆனார்கள். அவர் வீடு கேரளத்தில் நின்றது. தங்கம்மை அக்கா ஜெயித்ததாக அவர் கடைசிவரை முறைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் பலாமரம் வீட்டை விட்டுப் பிரியவில்லை. வீடும் மரமும் ஒரே பக்கம்.

அது என் வேலை இல்லை என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். இருவருமே நம்பவில்லை. அவர்கள் இருந்த காலம்வரை, அந்த மரத்தின் முதல் சக்கை ஒவ்வொரு வருடமும் மலையிறங்கி என் வீட்டு வாசலுக்கு வந்தது. அணில் கடித்ததை ஒதுக்கிவிட்டு, நல்லதாகப் பார்த்து.

நான் ஒரு வருடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதியை வெட்டிச் சரசம்மாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அந்த எல்லையில் அவளுக்கும் பங்கு உண்டே.